ஆழ்கடல் படகில் நிலையாகப் பொருத்தும் பேட்டரி சார்ஜர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

மூக்கையூர் தூண்டில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இழுவலையை விட்டு ஆழ்கடலுக்கு மாறுவோருக்காக 2017-இல் பாக் நீரிணை மாவட்டங்களில் தொடங்கப்பட்ட திட்டத்தின் வழியாகக் கிடைத்த படகை நானும் என் மைத்துனரும் சேர்ந்து நடத்தி வருகிறோம். செவுள்வலை, ஆயிரங்கால் தூண்டில் இரண்டும் அதில் உண்டு. மாலையில் வலை விட்ட பிறகு பெரிய என்ஜினை நிறுத்திவிட்டு நீவாட்டோடு (கடல் நீரோட்டத்தோடு) படகை மிதக்க விடுவோம். அந்த ஏழெட்டு மணி நேரமும் மேல்தள விளக்குகள், கொடிமர விளக்கு, ஜி.பி.எஸ்., எக்கோ (ஆழம் காட்டும் கருவி), வி.எச்.எப். ரேடியோ, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கருவி), அறையிலுள்ள விசிறிகள் ஆகிய அனைத்தும் பேட்டரியில்தான் ஓடுகின்றன.

லாரிகளுக்கு வரும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருக்கிறோம். செல்ஃப் மோட்டார், விளக்குகள், விசிறிகள் ஆகியவை 24 வோல்ட்டில் ஓடுகின்றன. ஜி.பி.எஸ்., வி.எச்.எப். போன்ற 12 வோல்ட் கருவிகளுக்கு மட்டும், படகின் நெகட்டிவ் இணைந்திருக்கும் கீழ்ப் பேட்டரியிலிருந்து தனி வயர் எடுத்திருக்கிறார்கள். படகு எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே இந்த இணைப்பு இப்படித்தான் இருக்கிறது.

விடியற்காலையில் வலை இழுப்பதற்காக என்ஜினைத் தொடங்கும்போது செல்ஃப் மோட்டார் திணறுகிறது. எப்போதும் ஒரே பேட்டரிதான் படுத்துக்கொள்கிறது. மற்றொன்றுக்கோ ஒவ்வொரு பயணத்திலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்காரர் சொன்னதால் இரண்டையும் மாற்றினோம். அதன் பிறகும் நிலைமை அதேதான்.

வலை இழுக்கும்போது மேல்தள வெளிச்சத்திற்காக 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரை மூன்று மணி நேரம் போல ஓட்டுகிறோம். அந்த நேரத்தில் பேட்டரியையும் ஏற்றிக்கொள்ளும் வகையில் படகிலேயே ஒரு சார்ஜரைப் பொருத்த நினைக்கிறோம். கடையில் மூன்று வகைகளைக் காட்டினார்கள். ஒன்று, உள்ளே விசிறி வைத்த 24 வோல்ட், 30 ஆம்பியர் சார்ஜர். இரண்டாவது, முழுவதும் அடைக்கப்பட்டு, 12 வோல்ட், 15 ஆம்பியர் வீதம் இரண்டு வெளியீடுகள் கொண்ட வெளிநாட்டுச் சார்ஜர். மூன்றாவது, பேட்டரிக் கடைகளில் இருப்பது போன்ற டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்; விலையில் இதுவே குறைவு. இவற்றில் எதை வாங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கடல்மின் எழுதியது:

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் குற்றம் பேட்டரியில் இருப்பதாகத் தெரியவில்லை; கீழ்ப் பேட்டரியிலிருந்து எடுத்த அந்த 12 வோல்ட் வயரில் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு 24 வோல்ட் சார்ஜர் எதை வாங்கிப் பொருத்தினாலும், அடுத்த சோடிப் பேட்டரியும் இதே வழியில்தான் போகும்.

24 வோல்ட் சுமைகள் இரண்டு பேட்டரிகளிலிருந்தும் சமமாக மின்சாரம் எடுக்கின்றன. 12 வோல்ட் கருவிகளோ கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டுமே எடுக்கின்றன. அவை அனைத்தும் சேர்ந்து சராசரியாக 3 ஆம்பியர் எடுத்தால்கூட, 24 மணி நேரத்தில் 72 ஆம்பியர்-மணி அந்த ஒரு பேட்டரியின் தலையில் கூடுதலாக விழுகிறது. பிறகு என்ஜின் ஓடும்போது ஆல்டர்நேட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டின் மொத்தம் 28 வோல்ட் சொச்சம் வந்துவிட்டதா என்பதை மட்டும் ரெகுலேட்டர் பார்க்கிறது. மேல் பேட்டரி சீக்கிரம் நிறைந்து அதன் வோல்ட்டேஜ் ஏறிவிடுவதால் மொத்தம் எட்டிவிடுகிறது; மின்னோட்டமும் குறைந்துவிடுகிறது. கீழ்ப் பேட்டரி பாதி வயிற்றோடு நிற்க, மேல் பேட்டரி தேவைக்கு மேல் வாங்கிக் கொதித்துத் தண்ணீரை இழக்கிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்றுக்கு மட்டும் இரட்டைச் சுமை வைத்துவிட்டு, தீனியைச் சமமாகப் பங்கிடுவது போன்றது இது.

இதை உறுதி செய்துகொள்ள, என்ஜின் ஓடி அரை மணி நேரம் கழிந்த பிறகு ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டேஜையும் மல்டிமீட்டரில் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஹைட்ரோமீட்டர் இருந்தால் பேட்டரி அமிலத்தின் அடர்த்தியையும் சேர்த்து எழுதுங்கள். எது கீழ்ப் பேட்டரி, எது மேல் பேட்டரி என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பக்கத்தில் ஆள் நின்று ஆம்பியர் முள்ளைப் பார்த்து நிறுத்தும் கடைக்கு அது பொருந்தும். ஜெனரேட்டரின் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும்போது அதன் வெளியீடும் கூடவே ஏறி இறங்கும். பேட்டரி நிறைந்த பிறகு தானாகக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை.

குளச்சல் டிரைவர் எழுதியது:

தம்பி, கடல்மின் ஐயா சொன்னதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சார்ஜரை எங்கே வைப்பது என்பதைப் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். பல நாள் தங்கும் படகுகளில் சார்ஜர் கெட்டுப்போவது பெரும்பாலும் அதை வைத்த இடத்தால்தான்.

விசிறி வைத்த சார்ஜர் உப்புக் காற்றைத் தானே உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறது. நான் ஓட்டிய படகு ஒன்றில் அப்படிப்பட்ட சார்ஜரைத் திறந்து பார்த்தபோது, உள்ளே பலகையின் மேல் பச்சைக் களிம்பு பாசி போலப் படர்ந்திருந்தது. விசிறியின் தண்டு உப்பேறி இறுகிப்போய், கையால் சுற்றினாலும் அசையவில்லை. விசிறி நின்ற பிறகு சூடு தாங்காமல் சார்ஜரே நின்றுவிட்டது. ஆகவே ஐ.பி. 67 தரத்தில் (தூசியும் தண்ணீரும் புகாதபடி) முழுவதும் அடைக்கப்பட்டு, வெளியே அலுமினியத் துடுப்புகள் வழியாக வெப்பத்தை விடும் வகையைத்தான் வாங்க வேண்டும். அந்தத் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி சுவரில் பொருத்தி, மேலும் கீழும் காற்றோட்டத்திற்கு இடம் விட வேண்டும்.

அடைக்கப்பட்ட சார்ஜர் என்பதற்காக அதை என்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். என்ஜின் அறை 45, 50 டிகிரி வரை கொதிக்கும். பெரும்பாலான சார்ஜர்கள் 40 டிகிரியைத் தாண்டினாலே தம்மைக் காத்துக்கொள்ள வெளியீட்டைக் குறைத்துவிடுகின்றன; 20 ஆம்பியர் என்று வாங்கியது அங்கே 20 தராது. பேட்டரிக்கு நேர் மேலேயும் வைக்கக் கூடாது; ஏறும்போது கிளம்பும் அமில ஆவி நேராக அதன் மேல் படும். அதோடு ஹைட்ரஜனும் வருகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும் என்பதால், பேட்டரிப் பெட்டிக்கு மேல்பக்கத்தில் காற்றுப்போக்கி இல்லாவிட்டால் முதலில் அதை அமையுங்கள். பேட்டரி இருக்கும் பகுதியிலேயே, ஆனால் என்ஜினுக்கு எதிர்ப்பக்கத் தடுப்புச் சுவரில், பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் தள்ளிப் பொருத்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சார்ஜரின் காட்டி விளக்கு கண்ணில் பட வேண்டும் என்று சிலர் அதை வீல் ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) வைத்து, அங்கிருந்து மெல்லிய வயரைக் கீழே இழுப்பார்கள். அது வேண்டாம்.

மூக்கையூர் தூண்டில் எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. நேற்றுக் கரைக்கு வரும் வழியில் அளந்தோம். என்ஜின் ஓடும்போது மொத்தம் 28.2 வோல்ட் இருந்தது. அதில் மேல் பேட்டரியில் 15.0, கீழ்ப் பேட்டரியில் 13.2. கரையில் கட்டி, எல்லாச் சுமைகளையும் நிறுத்தி, சில மணி நேரம் கழித்து ஹைட்ரோமீட்டரில் பார்த்தபோது மேல் பேட்டரியின் அறைகளில் (செல்களில்) 1.250-உம், கீழ்ப் பேட்டரியின் அறைகளில் 1.160 முதல் 1.170 வரையும் இருந்தன. தண்ணீர் ஊற்ற வேண்டியிருப்பது மேல் பேட்டரிக்குத்தான். படுத்துக்கொள்வது கீழ்ப் பேட்டரி. ஐயா சொன்னபடியே இருக்கிறது.

அப்படியானால் இரண்டு வெளியீடுகள் உள்ள சார்ஜரை வாங்கி, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு வெளியீட்டைக் கொடுத்துவிட்டால் போதுமா? அல்லது வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

கடல்மின் எழுதியது:

15.0-க்கும் 13.2-க்கும் உள்ள இடைவெளியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு 25 டிகிரியில் 14.4 வோல்ட் அளவில் ஏற்றினால் போதும். என்ஜின் அறையின் வெப்பத்தில் அதைவிடக் குறைவாகவே கொடுக்க வேண்டிய பேட்டரிக்கு நாள் முழுவதும் 15 வோல்ட் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டு வெளியீட்டுச் சார்ஜர் இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிசெய்யும். கீழ்ப் பேட்டரிக்கு வேண்டியதை அது தனியாகக் கொடுக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல வெளியீட்டுச் சார்ஜர்களில் இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்றில் ஒவ்வொரு வெளியீடும் மற்றதிலிருந்து முழுவதும் பிரிக்கப்பட்டிருக்கும். அதைத் தொடர் பேட்டரிகளுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். மற்றதில் எல்லா வெளியீடுகளுக்கும் நெகட்டிவ் உள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். அது தனித்தனி 12 வோல்ட் பேட்டரிகளுக்கானது. இதைத் தொடர் இணைப்பில் மாட்டினால், மேல் பேட்டரியின் நெகட்டிவ் சார்ஜர் வழியாகப் படகின் நெகட்டிவோடு சேர்ந்துவிடும். அதாவது கீழ்ப் பேட்டரி குறுக்குச் சுற்றாகிவிடும். ஃபியூஸ் இல்லையென்றால் வயர் எரியும். கையேட்டில் தொடர் பேட்டரிகளுக்கான இணைப்புப் படம் இருக்கிறதா என்று பார்த்து, சார்ஜரை எதிலும் இணைக்காத நிலையில் இரு வெளியீடுகளின் நெகட்டிவ்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துத் தொடர்ச்சி இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடும் சிறு படகுகளுக்காக மின் கோட்டா, நோகோ போன்ற நிறுவனங்கள் விற்கும் சார்ஜர்கள் முதல் இனத்தைச் சேர்ந்தவை. அங்கு மின்சாரத் துடுப்பு மோட்டாருக்கு 24, 36 வோல்ட் தொடர் இணைப்பு சாதாரணம். ஆனால் அங்குள்ள மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உள்ளீடு 230 வோல்ட் வரை ஏற்கும் என்று அந்தப் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இருந்தாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த 12 வோல்ட் வயரைத்தான் முதலில் எடுத்துவிடுவேன். ஜெனரேட்டர் ஓடும் மூன்று மணி நேரத்தில் 15 ஆம்பியர் வீதம் கீழ்ப் பேட்டரிக்குச் சேர்வது 45 ஆம்பியர்-மணி மட்டுமே. அது இழப்பதோ 72. மீதம் ஒவ்வொரு நாளும் கடனாகச் சேரும். 24-ஐ 12 வோல்ட்டாக்கும் 20 ஆம்பியர் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் 12 வோல்ட் சுமையும் இரண்டு பேட்டரிகளுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். வி.எச்.எப். 25 வாட்டில் பேசும்போது தனியாக 5, 6 ஆம்பியர் இழுக்கும் என்பதால்தான் 20 என்கிறேன். மலிவான கன்வெர்ட்டர்கள் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். ஆகவே அதை வி.எச்.எப். கருவிக்கும் ஆண்டெனா கேபிளுக்கும் தள்ளி வைத்து, பொருத்திய அன்றே 16-ஆம் சேனலில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அமைப்பை) திறந்து, கன்வெர்ட்டரை நிறுத்தியும் ஓட்டியும் கேட்டுப் பாருங்கள். வி.எச்.எப். கருவிக்கு அப்போது தற்காலிகமாக வேறொரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும்.

இதைச் செய்த பிறகு உங்களுக்கு வேண்டியது 24 வோல்ட்டுக்கான ஒற்றை வெளியீட்டுச் சார்ஜர்தான். 30 ஆம்பியர் வேண்டாம். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 15 முதல் 20 ஆம்பியர் போதும். மூன்று நிலைகளில் ஏற்றுவதாகவும், பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ளதாகவும், முக்கியமாக பேட்டரி முனையில் ஒட்டும் வெப்ப உணரி உள்ளதாகவும் இருக்கட்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஓர் அறைக்கு ஏறக்குறைய 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். உங்கள் 24 வோல்ட் தொகுப்பில் 12 அறைகள். 45 டிகிரியில் கணக்கிட்டால் ஏறக்குறைய 1 வோல்ட் குறைகிறது. உணரி இல்லாத சார்ஜர் அந்த 1 வோல்ட்டை ஒவ்வொரு இரவும் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஜெனரேட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். 28.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்பது 576 வாட். சார்ஜரின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தாலும் 1 கே.வி.ஏ. அளவில்தான் வரும்.

குளச்சல் அண்ணன் மெல்லிய வயரைப் பற்றிச் சொன்னதற்குக் கணக்கு இதுதான்: 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 6 மீட்டர் தூரத்திற்கு இழுத்தால் போகவும் வரவும் சேர்த்து 12 மீட்டர், 20 ஆம்பியரில் ஏறக்குறைய 0.7 வோல்ட் வயரிலேயே போய்விடும். பேட்டரி இன்னும் ஏறாதபோதே நிறைந்துவிட்டதாகச் சார்ஜர் எண்ணிக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயராக இருந்தால் களிம்பு ஏறாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். சார்ஜர் பக்கத்தில் வைக்கும் ஃபியூஸ் வயரைக் காக்காது.

வாடைக்காற்று எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? லித்தியம் பேட்டரி போட்டு, மேல்தளக் கூரையில் சோலார் பலகை வைத்துவிட்டால் ஜெனரேட்டரும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம் அல்லவா?

கடல்மின் எழுதியது:

விளக்கு, விசிறி போன்ற சுமைகளுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்ல பேட்டரிதான். ஆனால் அதை ஆல்டர்நேட்டரில் நேரடியாக இணைக்கக் கூடாது. கிடைக்கும் மின்சாரம் அனைத்தையும் அது வாங்கிக்கொள்வதால் ஆல்டர்நேட்டர் இடைவிடாமல் முழு வெளியீட்டில் ஓடிச் சூடேறும். ஏற்றத்தின் நடுவில் பேட்டரியின் உள் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால், எழும் வோல்ட்டேஜ் ஆல்டர்நேட்டரின் டையோடுகளைக் கெடுத்துவிடும். இடையில் ஒரு டி.சி. சார்ஜர் வேண்டும், செல்ஃப் மோட்டாருக்கு ஈயப் பேட்டரியும் தனியே வேண்டும். கேள்வி கேட்டவர் இப்போதைக்கு இந்தச் செலவில் இறங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சோலார் பலகை தடைக்காலத்தில் பேட்டரியை நிறைவாக வைத்திருக்க உதவும். இரவுச் சுமையைத் தனியே தாங்கும் அளவுக்கு வேண்டுமென்றால் கூரையில் இடம் போதாது.

குளச்சல் டிரைவர் எழுதியது:

கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு சிறு மாற்றுக் கருத்து. கன்வெர்ட்டருக்குப் பதிலாக 24-இலிருந்து 12 வோல்ட் பேட்டரியை ஏற்றும் டி.சி. சார்ஜரைப் போட்டு, வீல் ஹவுஸில் இருக்கைக்கு அடியில் அடைக்கப்பட்ட சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வையுங்கள். வி.எச்.எப்., ஜி.பி.எஸ்., டிரான்ஸ்பாண்டர் ஆகியவற்றை அதில் இணைத்துவிடுங்கள். என்ஜின் அறையில் தண்ணீர் புகுந்தால் முதலில் மூழ்குவது கீழே இருக்கும் பெரிய பேட்டரிகள்தான். உதவிக்குக் கூப்பிட வேண்டிய ரேடியோவும் அதே நேரத்தில் ஊமையாகிவிடக் கூடாது. கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் நிற்கும் படகுக்கு இது ஆடம்பரம் இல்லை.

இன்னொன்று: லாரிப் பேட்டரி செல்ஃப் அடிப்பதற்காகச் செய்யப்பட்டது. இரவு முழுவதும் விளக்கெரித்து அதைப் பாதிக்கு இறக்கினால் எந்தச் சார்ஜரைப் பொருத்தினாலும் அது நீடிக்காது. அடுத்த முறை மாற்றும்போது செல்ஃபுக்கு லாரிப் பேட்டரிகள் இரண்டும், விளக்குகளுக்கு, ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும் டியூபுலர் பேட்டரிகள் இரண்டும் என்று பிரித்துவிடுங்கள், தம்பி. விடியற்காலைத் திணறல் அதோடு தீரும்.

கட்டுத்துறை எழுதியது:

படகு கட்டும் துறையில் மின்வேலை பார்ப்பவன் என்ற முறையில் தடைக்காலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் படகுகள் சும்மா நிற்கின்றன. அந்த வெயிலில் ஈயப் பேட்டரி தானாகவே இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மூன்று நிலைச் சார்ஜரின் கடைசி நிலை ஒவ்வொரு பேட்டரிக்கும் 13.5 வோல்ட் அளவில் நிறுத்திவைப்பதால், இந்தக் காலம் முழுவதும் இணைத்தே வைத்திருக்கலாம். தண்ணீர் மட்டத்தை மட்டும் இடையிடையே பாருங்கள். சமன் செய்யும் ஏற்றம் என்று ஒரு பொத்தான் இருந்தால், அது ஒவ்வொரு பேட்டரியையும் 15 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகும். அதை அழுத்துவதற்கு முன் கருவிகள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும்.

கரையிலிருந்து 230 வோல்ட் கொடுக்கும்போது 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக மட்டும் கொடுங்கள். ஈரத் தளத்தில் வெறுங்காலோடு ஆட்கள் வேலை செய்யும் இடம் அது. எர்த் வயரைத் துண்டித்துவிட்டுச் சார்ஜரை ஓட்டுவதைச் சில துறைகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படகு தண்ணீரில் நிற்கும்போது பல நாட்கள் கரை மின்சாரத்தில் இணைத்து வைப்பதாக இருந்தால், எர்த் வயரின் வழியே பக்கத்துப் படகுகளோடு மின்தொடர்பு ஏற்பட்டு, அடிப்பகுதியில் உள்ள துத்தநாகக் கட்டிகள் வேகமாகக் கரையும். இரும்புப் படகில் இதை உடனே காணலாம். இதற்கென்று கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவி உண்டு; எர்த் வயரில் தொடராக இணைப்பார்கள்.

மூக்கையூர் தூண்டில் எழுதியது:

மிக்க நன்றி. அண்ணன் சொன்னபடி வீல் ஹவுஸில் தனிப் பேட்டரியும் டி.சி. சார்ஜரும், கீழே வெப்ப உணரியோடு கூடிய 24 வோல்ட், 20 ஆம்பியர் அடைக்கப்பட்ட சார்ஜரும் என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போதுள்ள கீழ்ப் பேட்டரியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கடல்மின் எழுதியது:

இரண்டையும் பிரித்து, கரையில் 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக முழுவதும் ஏற்றுங்கள். கீழ்ப் பேட்டரியின் எல்லா அறைகளும் 1.240-க்கு மேல் வந்து, இணைக்காமல் ஒரு நாள் வைத்த பிறகும் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் மீண்டும் தொடரில் சேர்க்கலாம். வராவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே தொடரில் இணைத்தால், இன்று வயரால் வந்த ஏற்றத்தாழ்வு நாளை பேட்டரியின் வயதால் வரும்.